விழித்திருப்போரும் உறங்க வேண்டும்

(நம் பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற குடும்ப நாள் கூட்டத்தில், நர்ஸிங் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்காகப் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன்விழாவுக்காக இளைஞருக்கு ஒரு நாள், முதியோருக்கு ஒரு நாள், கடல்தொழில் செய்வோருக்கு ஒரு நாள் என்று பங்குப் பேரவையார் வகுத்தபோது, நர்ஸிங் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கென்று ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கித் தருமாறு நாம் கேட்டுக்கொண்டோம். அதற்குக் காரணம் உண்டு. நமது குமரி மாவட்டத்தில் நர்ஸிங் படிக்கிற, அல்லது படித்து முடித்த பிள்ளை ஒன்றுகூட இல்லாத தெருவைக் காண்பது அரிது. பெங்களூரிலும் மங்களூரிலும், சென்னையிலும் கோவையிலும் நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். படித்தவர்கள் வளைகுடா நாடுகளிலும் இங்கிலாந்திலும் நோயாளரின் தலைமாட்டில் நிற்கிறார்கள். அவர்கள் அனுப்பிய பணத்தால் எத்தனை ஓலைக் கூரைகள் மாடியாயின, எத்தனை தங்கையருக்குத் திருமணம் நடந்தது என்பதை நம்மைவிட நீங்கள் நன்கு அறிவீர்கள்.

ஆனால் இன்று நாம் பேச விரும்புவது அவர்கள் ஈட்டும் பணத்தைப் பற்றியன்று. அவர்கள் இழக்கும் உறக்கத்தைப் பற்றி. மாணவியர் என்று நாம் சொல்லும் இடமெல்லாம் இப்போது இப்படிப்பில் சேர்ந்துள்ள மாணவர்களையும் சேர்த்தே பொருள் கொள்ளுங்கள்.

ஒரு நாளின் கணக்கு

உங்கள் பிள்ளையின் ஒரு நாளை எப்போதாவது கணக்கிட்டுப் பார்த்ததுண்டா? நாம் பல பிள்ளைகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட வகையில், ஏறத்தாழ அது இப்படித்தான் இருக்கிறது. காலை 5 மணிக்கு எழுகிறாள். குளியலறை வரிசையில் நின்று, சீருடையைத் தேய்த்து உடுத்தி, மெஸ்ஸில் கிடைத்ததை நின்றபடி உண்டு, 7 மணிக்கு வார்டில் இருக்கிறாள். இரவு நின்றவர்களிடம் நோயாளரைப் பொறுப்பேற்று, படுக்கை விரித்து, காய்ச்சலும் பி.பி.யும் பார்த்து, மருந்து கொடுத்து, புண் கட்டி முடிப்பதற்குள் பகல் 1 மணி. 2 முதல் 5 மணி வரை வகுப்பு. இரவு 7 முதல் 9 வரை படிப்பு நேரம். அதற்குப் பிறகுதான் ரெக்கார்டு எழுதுவதும், கேர் பிளான் தயாரிப்பதும், மறுநாள் சொல்ல வேண்டிய கேஸைப் படிப்பதும். விளக்கை அணைக்கும்போது நள்ளிரவு 12.30 ஆகிவிடுகிறது.

12.30 முதல் 5 மணி வரை நாலரை மணி நேரம். வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு 7 மணி நேரமாவது உறக்கம் வேண்டும் என்று தூக்க மருத்துவ வல்லுநர்கள் 2015-ல் வெளியிட்ட பரிந்துரை கூறுகிறது. ஆக, ஒரு நாளைக்கு இரண்டரை மணி நேரம் குறைவு. ஆறு நாளில் 15 மணி நேரம். அதாவது வாரத்துக்கு இரண்டு முழு இரவுகளைக் கண் மூடாமல் கழித்ததற்கு ஒப்பாகும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் கூடுதலாக உறங்கினால் இந்தக் கடன் தீருமா? தீராது. மறு வாரத்துக் கணக்கில்தான் போய்ச் சேரும்.

இது பகல் டியூட்டியின் கணக்கு. நைட் டியூட்டி வந்தாலோ இந்தக் கணக்கே தலைகீழாகிறது. இரவு முழுதும் வார்டில் நின்றுவிட்டுக் காலையில் ஹாஸ்டலுக்கு வந்து படுக்கிறாள். பகல் 10 மணிக்குப் பக்கத்து அறையில் வாளி உருளுகிறது. 11 மணிக்கு வீட்டிலிருந்து போன் வருகிறது. 2 மணிக்கு வகுப்புத் தேர்வு. மாலையில் மறுபடியும் வார்டு.

உடலுக்குள் ஒரு கடிகாரம்

“பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது” என்று நம் பெரியோர் சொல்வார்கள். பாடுபட்டவனுக்குப் பாறையும் பஞ்சணை என்பது நாம் கண்டறிந்த உண்மைதான். அதனால்தான், “இவ்வளவு வேலை செய்தும் தூக்கம் வரவில்லை” என்று பிள்ளை சொன்னால் நமக்கு நம்பிக்கை வருவதில்லை. “செல்போன் பார்த்துக்கொண்டு கிடந்தால் தூக்கம் எங்கிருந்து வரும்?” என்று கேட்டுவிடுகிறோம். செல்போனும் ஒரு காரணம்தான், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் வேறொரு பெரிய காரணம் இருக்கிறது.

ஆண்டவர் நம் உடலுக்குள் ஒரு கடிகாரத்தை வைத்திருக்கிறார். மூளையின் அடிப்பகுதியில், கண்ணிலிருந்து வரும் நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, அரிசி மணியினும் சிறிய ஓர் இடத்தில் அது இயங்குகிறது. கண்ணில் படும் வெளிச்சத்தைக் கொண்டு அது பகலையும் இரவையும் அறிகிறது. இருட்டியதும் மெலடோனின் என்னும் சுரப்பை ஊறச் செய்து உடலை உறக்கத்துக்கு ஆயத்தப்படுத்துகிறது. விடிந்ததும் அதை நிறுத்துகிறது. ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் இப்படி ஒரு கடிகாரம் எவ்வாறு ஓடுகிறது என்பதைக் கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் என்னும் மூன்று அமெரிக்க அறிஞர்களுக்கு 2017-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு அளிக்கப்பட்டது.

நைட் டியூட்டி முடித்து வெயிலில் நடந்து ஹாஸ்டலுக்கு வரும் பிள்ளையின் நிலையை இப்போது எண்ணிப் பாருங்கள். உடல் “உறங்கு” என்கிறது. கடிகாரமோ “விடிந்துவிட்டது, எழு” என்கிறது. இரவு வார்டில் நிற்கும்போது இதற்கு நேர்மாறு: கடமை “விழி” என்கிறது, கடிகாரம் “உறங்கு” என்கிறது. அதிகாலை 4, 5 மணி அளவில் உடலின் சூடு மிகவும் தணிந்து, கண்ணும் கருத்தும் மங்கியிருக்கும். சில நாள் இப்படி ஓடினால் உடல் தாங்கும். வாரந்தோறும் பகலும் இரவும் மாறி மாறி வந்தால், களைப்பின் உச்சியிலும் தூக்கம் வராத நிலை வந்துவிடுகிறது. இது சோம்பலும் அன்று, நடிப்பும் அன்று. உடலின் ஒழுங்கு குலைந்ததன் விளைவு.

இதனால் ஆபத்து பிள்ளைக்கு மட்டும்தானா? நோயாளருக்கும் உண்டு. ஆஸ்திரேலிய ஆய்வாளர் இருவர் 1997-ல் ஓர் உண்மையை வெளியிட்டார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கைத்திறனும் கவனமும், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது கலந்தவரின் அளவுக்குக் குறைகின்றன என்றும், 24 மணி நேரமானால் அது ஏறத்தாழ 0.10 விழுக்காட்டுக்கு ஒப்பாகிறது என்றும் கண்டார்கள். நமது நாட்டில் 0.03 விழுக்காட்டுக்கு மேல் போனாலே வண்டி ஓட்டுவது குற்றம். காலை 7 மணிக்கு எழுந்து, பகலில் கண் அயராமல், முதல் நாள் நைட் டியூட்டிக்குப் போகும் பிள்ளை, நள்ளிரவு 12 மணிக்கு 17 மணி நேரம் விழித்தவளாகிறாள். மறுநாள் டியூட்டி முடிக்கும்போது 24 மணி நேரம் விழித்தவளாகிறாள். வண்டிச் சாவியைக் கொடுக்க நாம் அஞ்சும் நிலையில் உள்ளவள் கையில் இன்ஜெக்ஷன் ஊசியைக் கொடுக்கிறோம்.

ஓர் எடுத்துக்காட்டு. சர்க்கரை நோய்க்குப் போடும் இன்சுலின் நமது நாட்டில் ஒரு மில்லி லிட்டருக்கு 40 அலகு உள்ளதாகவும், 100 அலகு உள்ளதாகவும் இரு வகையில் கிடைக்கிறது. இரண்டுக்கும் தனித்தனி ஊசிக் குழல். 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 அலகு மருந்தைச் சிவப்பு மூடிக் குழலில் 20 என்னும் கோடு வரை எடுத்துவிட்டால், நோயாளரின் உடலுக்குள் போவது 20 அலகு அன்று, 50 அலகு. அது உயிருக்கே ஆபத்து. சிவப்புக்கும் ஆரஞ்சுக்கும் உள்ள வேறுபாட்டை அதிகாலை 4 மணிக்குக் காண வேண்டிய கண்கள் அவை. ஆகவே, நர்ஸின் உறக்கம் அவளுடைய சொந்த வசதியன்று. ஊசியைப் போலவும் மருந்தைப் போலவும் அதுவும் அவள் தொழிலுக்கு வேண்டிய கருவி.

திரி கருகும்போது

உறக்கம் இல்லாமை நீடித்தால் அதற்கு அடுத்த படி ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் அதை ‘பர்ன் அவுட்’ என்கிறார்கள். எண்ணெய் உள்ள வரையில் விளக்கில் எண்ணெய் எரிகிறது. எண்ணெய் தீர்ந்த பிறகு திரியே கருகுகிறது. அதைத்தான் இச்சொல் குறிக்கிறது. நியூயார்க் நகரில் ஏழைகளுக்கு இலவச மருத்துவம் செய்த நிலையம் ஒன்றில், மிகுந்த ஆர்வத்தோடு வந்த தொண்டர்கள் ஓராண்டுக்குள் உள்ளம் வறண்டு போவதைக் கண்ட ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்னும் மனநல அறிஞர், 1974-ல் இதைப்பற்றி எழுதினார். கிறிஸ்டினா மாஸ்லாக் என்னும் அம்மையார் 1981-ல் மற்றோர் அறிஞரோடு சேர்ந்து இதை அளந்தறிய ஒரு கேள்வித்தாளை வெளியிட்டார். உலக சுகாதார நிறுவனம் 2022 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தன் பட்டியலில், இதைத் தனி ஒரு நோயாக அன்றி, வேலைச் சூழலால் விளையும் ஒரு நிலையாகக் குறித்திருக்கிறது. இதைக் கவனியுங்கள்: குறை ஆளிடம் மட்டும் இல்லை, வேலை நடக்கும் முறையிலும் இருக்கிறது என்பது இதன் பொருள்.

இதற்கு மூன்று அடையாளங்கள் சொல்லப்படுகின்றன. பெற்றோர் போனில் பேசும்போதே அவற்றை அறிந்துகொள்ளலாம்.

முதலாவது, தீராத களைப்பு. இரண்டு நாள் ஓய்வுக்குப் பின்னும் “உடம்பு அசையவில்லை” என்பாள். காலையில் எழும்போதே களைத்திருப்பாள்.

இரண்டாவது, மனம் மரத்துப்போதல். முதலாண்டில் நோயாளரைப் பற்றிப் பேசும்போது, “அந்தப் பாட்டி”, “அந்தத் தாத்தா” என்று பேசியவள், இப்போது “12-ஆம் நம்பர் பெட்” என்று மட்டும் பேசுவாள். ஒருவர் இறந்ததைச் சொல்லும்போதும் குரலில் அசைவு இராது. “பிள்ளை கல்நெஞ்சக்காரியாகிவிட்டாள்” என்று தாய் வருந்துவாள். அன்று, அம்மா! வலி தாங்காத உள்ளம் தன்னைத்தானே மூடிக்கொள்கிறது.

மூன்றாவது, தன்மேல் நம்பிக்கை இழத்தல். பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் நல்ல மதிப்பெண் எடுத்தவள், “எனக்கு இந்தப் படிப்பு வராது, நான் எதற்கும் உதவாதவள்” என்பாள்.

சில ஆண்டுகளுக்கு முன் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மூன்றாமாண்டு மாணவி ஒருத்தி வீடு வந்தாள். வந்தவள் மாலை 5 மணிக்குப் படுத்தாள். நள்ளிரவுத் திருப்பலிக்கும் எழவில்லை. மறுநாள் காலை 9 மணிக்குத்தான் கண் விழித்தாள். தாய் நம்மிடம் வந்து, “சாமி, பெரிய ஊருக்குப் படிக்கப் போனதும் பக்தி போய்விட்டது” என்று அழுதார். “பக்தி போகவில்லை, அம்மா, உறக்கம் போயிருக்கிறது. முதலில் அதைத் திருப்பிக் கொடுங்கள்” என்றோம். பிறகு அப்பிள்ளையோடு பேசியபோது, இரண்டு மாதமாக நாலு மணி நேரத்துக்கு மேல் உறங்கவில்லை என்பதும், ஒரு நாள் வார்டில் மருந்துத் தட்டோடு மயங்கி விழுந்ததை வீட்டில் சொல்லாமல் மறைத்ததும் தெரியவந்தன. ஏன் மறைத்தாய் என்று கேட்டோம். “அப்பா வீட்டை அடமானம் வைத்துச் சேர்த்தார், சாமி” என்பதே பதில். அவள் படிப்பை முடித்தாள். அவளோடு ஒரே அறையில் தங்கியிருந்த வேறோர் ஊர்ப் பிள்ளை முடிக்கவில்லை, பாதியிலேயே போய்விட்டாள்.

ஏன் இப்படி நேர்கிறது?

கல்லூரிகளையும் ஆசிரியைகளையும் குறை கூறுவது நமது நோக்கமன்று. ஆனால் காரணத்தை அறியாமல் மருந்து தேட முடியாது. 1860-ல் லண்டனில் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் பெயரால் பயிற்சிப் பள்ளி தொடங்கிய காலத்திலிருந்து, நர்ஸிங் என்பது வார்டில் வேலை செய்துகொண்டே கற்கும் கல்வி. அது நல்ல முறைதான். நோயாளரைத் தொடாமல் நோயாளரைப் பேணக் கற்க முடியாது. ஆனால் அதில் ஒரு கண்ணி இருக்கிறது. வேலைக்கு ஆள் குறையும்போது, கற்க வந்தவள் ஆளாகக் கணக்கிடப்படுகிறாள்.

நமது நாட்டில் ஆள் குறைவு புதியதன்று. 1946-ல் போர் குழு தன் அறிக்கையை அளித்தபோது, ஏறத்தாழ 43,000 மக்களுக்கு ஒரு நர்ஸ் என்ற நிலைதான் இருந்தது. அன்றைக்கு இன்று எவ்வளவோ முன்னேறியிருக்கிறோம். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் பொது வார்டில் 3 நோயாளருக்கு ஒரு நர்ஸும், பிற மருத்துவமனைகளில் 5 பேருக்கு ஒருவரும் இருக்க வேண்டும் என்பது இந்திய நர்ஸிங் கவுன்சிலின் அளவுகோல். நோயில் பூசுதல் அளிக்க இரவு வேளையில் அழைக்கப்பட்டுச் செல்லும்போது நாம் கண்ணால் காண்பது வேறு. நாற்பது படுக்கைக்கு ஒரு ஸ்டாஃப் நர்ஸ். அவருக்குக் கையாக, காலாக இரண்டு மாணவியர். அந்த மாணவியர் இல்லாவிட்டால் அன்றிரவு அந்த வார்டு என்ன ஆகும் என்று எண்ணியிருக்கிறோம்.

இங்கிலாந்தில் 1986-ல் ‘புராஜெக்ட் 2000’ என்னும் திட்டத்தை முன்வைத்து, 1989 முதல் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். மாணவியை வார்டின் ஆள் கணக்கில் சேர்க்கக் கூடாது, அவள் கற்க வந்தவள் என்பது அதன் முக்கியக் கருத்துகளில் ஒன்று. எங்கோ ஓரிடத்தில் ஏட்டில் எழுதப்பட்ட இக்கருத்து நம் வார்டுகளிலும் நடைமுறையாக வேண்டும்.

நாம் குருமடத்தில் பயின்ற நாட்களில் இரவு மணி அடித்ததும் பேச்சு நிற்கும். சற்று நேரத்தில் விளக்கும் அணையும். மறுநாள் தேர்வு என்று சொன்னாலும் விழித்திருக்க இடமில்லை. படிப்பைப் பகலில் முடிக்க நேரம் வகுத்துத் தந்திருந்தார்கள். எனவே இரவில் உறங்கச் சொல்ல அவர்களுக்கு உரிமை இருந்தது. நர்ஸிங் ஹாஸ்டலிலும் விளக்கணைக்கும் நேரம் சுவரில் எழுதித் தொங்குகிறது. ஆனால் காலையில் ரெக்கார்டில் கையெழுத்து வாங்காவிட்டால் வார்டில் எல்லார் முன்னிலையிலும் ஏச்சு விழும் என்றால், பிள்ளை போர்வைக்குள் செல்போன் வெளிச்சத்தில் எழுதத்தான் செய்வாள். உறங்கச் சொல்லும் விதி மட்டும் போதாது; உறங்க விடும் நேர அட்டவணையும் வேண்டும்.

“நாங்கள் படாத பாடா?” என்று மூத்த நர்ஸ்களில் சிலர் கேட்பார்கள். பட்டீர்கள், அதை மதிக்கிறோம். ஆனால் நாம் பட்டதை நம் பிள்ளையும் பட வேண்டும் என்பது எந்தத் தாயின் வாக்கும் அன்று.

தியாகம் என்னும் சொல்

இங்கே நம் வாயிலிருந்து எளிதில் வரும் இரண்டு சொற்களைப் பற்றிக் கூற வேண்டும். “சேவை”, “தியாகம்” என்பவையே அவை. விளக்கேற்றும் விழாவில் வெள்ளை உடுத்தி விளக்கோடு நம் பிள்ளை நிற்கையில், இச்சொற்களைக் கேட்டுக் கண் கலங்குகிறோம். அவை உயர்ந்த சொற்கள். ஆனால் தியாகம் என்பது ஒருவர் மனமுவந்து கொடுப்பது; மறுக்க வழியில்லாதவரிடமிருந்து எடுக்கப்படுவதற்கு அப்பெயர் பொருந்தாது. பதினெட்டு வயதுப் பிள்ளையின் உறக்கத்தை எடுத்துக்கொண்டு, அதற்குத் தியாகம் என்று பெயர் சூட்டுவது முறையன்று.

“செபம் பண்ணு, எல்லாம் சரியாகும்” என்றும் சொல்கிறோம். செபிக்கச் சொல்வது நம் கடமை. ஆனால் எலியா இறைவாக்கினரின் வரலாற்றை நினைத்துக்கொள்ளுங்கள். பாலைவனத்தில் சூரைச் செடியின் அடியில் அமர்ந்து, போதும், சாக வேண்டும் என்று அவர் மன்றாடினார். ஆண்டவர் அவரைக் கடிந்துகொண்டாரா? மனவுறுதி இல்லை என்றாரா? இல்லை. உறங்க விட்டார். தூதரை அனுப்பி அப்பமும் நீரும் கொடுத்தார். மறுபடியும் உறங்க விட்டார், மறுபடியும் உணவளித்தார். அதற்குப் பிறகுதான் நீண்ட பயணமும் பேச்சும் வந்தன. சோர்ந்துபோன தம் ஊழியருக்கு ஆண்டவர் முதலில் கொடுத்தது அறிவுரையன்று, உறக்கமும் உணவும். பெற்றோராகிய நாமும் அந்த வரிசையையே பின்பற்றுவோமாக.

வீட்டார் செய்ய வேண்டியவை

முதலாவது, பிள்ளையின் டியூட்டி அட்டவணையை ஒரு தாளில் எழுதி வீட்டுச் சுவரில் ஒட்டுங்கள். நைட் டியூட்டி வாரத்தில் பகலில் போன் செய்யாதீர்கள். “மக்களே, சாப்பிட்டியா?” என்று அன்பாகக் கேட்க நினைக்கும் அந்தப் பகல் 11 மணிதான் அவளுக்கு நடுநிசி. மாலை 5 மணிக்குக் கேளுங்கள்.

இரண்டாவது, விடுமுறைக்கு வந்தால் முதல் இரண்டு நாள் உறங்க விடுங்கள். பெரியம்மா வீட்டுக்கும் சித்தப்பா வீட்டுக்கும் அழைத்துச் செல்வதும், ஊரார் எல்லாருக்கும் பி.பி. பார்க்கச் சொல்வதும் மூன்றாம் நாள் ஆகட்டும்.

மூன்றாவது, கடனைப் பற்றிய பேச்சைப் பிள்ளையின் காதில் நாள்தோறும் போடாதீர்கள். அவளுக்கு அது தெரியும். அதை நினைத்துத்தான் பல இரவுகள் விழித்திருக்கிறாள்.

நான்காவது, கல்லூரியில் பெற்றோர் கூட்டம் நடந்தால், மதிப்பெண்ணை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். நைட் டியூட்டி முடித்த பிள்ளைக்கு மறுநாள் வகுப்பு உண்டா, இரவில் நின்றவர்கள் பகலில் உறங்கத் தனி அறை உண்டா, வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு உண்டா என்று பணிவோடு, ஆனால் தெளிவாகக் கேளுங்கள். ஒருவர் கேட்டால் குறைகூறல் என்பார்கள். ஐம்பது பேர் கேட்டால் கோரிக்கை என்பார்கள்.

ஐந்தாவது, இது நமக்குச் சற்றுக் கடினமானது. “என்னால் முடியவில்லை, வீட்டுக்கு வருகிறேன்” என்று பிள்ளை சொன்னால், “பொறுத்துக்கொள்” என்பது முதல் சொல்லாக இருக்க வேண்டாம். “வா, மக்களே, பிறகு பார்ப்போம்” என்பது முதல் சொல்லாக இருக்கட்டும். பணம் போகுமே, ஊர் பேசுமே என்பீர்கள். திரும்பி வர ஒரு வாசல் திறந்திருக்கிறது என்று அறிந்த பிள்ளை, பெரும்பாலும் அங்கேயே நின்று படிப்பை முடிக்கிறாள். வாசல் அடைத்திருக்கிறது என்று நினைக்கும் பிள்ளைக்குத்தான் ஆபத்து. வீட்டுக் கடனை மெதுவாக அடைக்கலாம். வின்சென்ட் தே பவுல் சபையாரும் நாமும் உங்களோடு உட்கார்ந்து அதற்கு வழி காண்போம். பிள்ளையை இழந்தால் எந்த வங்கியும் திருப்பித் தராது.

ஊராருக்கும் ஒரு வார்த்தை. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது இடங்களில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு விதி. நம் கோவில் ஒலிபெருக்கி அந்த விதிக்கு உட்பட்டே இயங்கும். பகலிலும் உறங்க வேண்டியவர்கள் நம் தெருவில் இருக்கிறார்கள் என்பதால், பொன்விழா நாட்களில் பகல் 9 முதல் 3 மணி வரை பாட்டுப் போடுவதில்லை என்று பேரவையார் முடிவு செய்திருக்கிறார்கள். இரவில் டியூட்டி பார்த்தவர்களும், கடலுக்குப் போய் வந்தவர்களும் சற்றே கண் அயரட்டும்.

பிள்ளைகளே, உங்களுக்கு

நைட் டியூட்டி தொடங்கும் நாளில், மாலையில் ஒரு மணி நேரமாவது படுத்து எழுந்து போங்கள். இடைவேளை தந்தால் 20 நிமிடம் கண் அயர்வது குற்றமன்று, காவல். ஆனால் உங்கள் இடத்தில் ஒருவரை நிறுத்திவிட்டு, சொல்லிவிட்டுப் போங்கள். காப்பியும் தேநீரும் இரவின் முன்பாதியோடு நிற்கட்டும். குடித்ததில் பாதிச் சத்து ஐந்து மணி நேரத்துக்குப் பிறகும் உடலில் இருக்கும்; அதிகாலையில் குடித்தது காலை உறக்கத்தைக் கெடுக்கும். திரும்பும்போது வெயில் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சன்னலுக்குக் கறுப்புத் துணி, கதவில் “உறங்குகிறோம்” என்று ஓர் அட்டை, கைக்கெட்டாத இடத்தில் செல்போன். இம்மூன்றுக்கும் செலவு அதிகமில்லை.

தூக்க மாத்திரைகள் இருக்கும் அலமாரி உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் அவற்றைத் தொடாதீர்கள். வாரத்தில் மூன்று இரவுகளுக்குக் குறையாமல் உறக்கம் வராத நிலை மூன்று மாதம் நீடித்தால், அது மருத்துவம் தேவைப்படும் நிலை. அதற்கு முதற்படியாகப் பரிந்துரைக்கப்படுவது மாத்திரையன்று. படுக்கும் பழக்கத்தையும் எண்ணத்தையும் சீர்செய்யும் பயிற்சிமுறையே. வாழ்ந்தது போதும் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால், மறைக்காதீர்கள். 2022-ல் அரசு தொடங்கிய டெலி மனஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் இலவசமாக அழைக்கலாம். எந்த நேரமானாலும் பங்குத்தந்தை வீட்டு மணியையும் அடிக்கலாம். நள்ளிரவில் எழுப்புவது நமக்குப் பழக்கமானதே.

அன்பர்களே, நைட்டிங்கேல் அம்மையாரை ‘விளக்கேந்திய பெருமாட்டி’ என்று உலகம் போற்றுகிறது. அவர் 1859-ல் எழுதிய நூலில், உறங்கும் நோயாளியை எழுப்பக் கூடாது என்று வற்புறுத்தி, சத்தத்தைப் பற்றியே ஓர் அதிகாரம் எழுதினார் என்பது பலருக்குத் தெரியாது. நோயாளரின் உறக்கத்தைக் காக்கக் கற்றுக்கொள்ளும் நம் பிள்ளைகளின் உறக்கத்தை யார் காப்பது? கல்லூரி காக்கட்டும், மருத்துவமனை காக்கட்டும். அதை நாம் கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால் அதுவரை காத்திராமல், வீடும் ஊரும் பங்கும் தம்மால் இயன்றதை இன்றே தொடங்கலாம். இன்று இரவு வீடு திரும்பியதும் முதல் வேலையாக, உங்கள் பிள்ளையின் அடுத்த மாத டியூட்டி நேரத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

விழித்திருந்து பிறரைக் காக்கும் நம் பிள்ளைகளுக்கு நல்ல உறக்கத்தையும், அவர்களைப் புரிந்துகொள்ளும் உள்ளத்தை நமக்கும் இறைவன் அருள்வாராக.